மைக் அக்கா தாண்டிப்போன பதினொரு பக்கங்கள்

மைக் அக்காவால்தான் எனக்கு ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. கைக்கு வந்த வேலை யானை வாயில் போன கரும்பாகப் போனது. இருந்தும், இந்தப் பிறவியில் யாருக்கு அதிகமாக நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டால், பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக நான் அவரைத்தான் சொல்வேன். அது எப்படி என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். என்னிடம் அந்தக் குணம் கிடையாது. மற்றவர்களிடம் மட்டும் எதிர்பார்ப்பேன்.

நான் பிறவியிலேயே பார்வையில்லாதவன். பெரிய மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். தினமும் மாலையில் எதிரே இருக்கும் பேருந்து நிலையத்துக்கு வந்து வீட்டுக்கு பஸ் ஏறுவேன். பதினெட்டு நடைமேடைகள். எந்த பஸ் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் சொல்லும். நல்ல குரல்தான். ஆனால் பஸ் போகும் ஊர்களையெல்லாம் ஆற அமரச் சொல்லிவிட்டு, கடைசியில் நடைமேடை எண்ணை மட்டும் விழுங்கிவிடும். இரண்டு நாள் அதனால் பஸ்ஸை விட்டேன். மூன்றாம் நாள் பதினான்கு படி ஏறிப்போய், அந்த அறிவிப்பு அறையின் கதவைக் கைத்தடியால் தட்டினேன். தட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

"ஏம்மா, நம்பரை முழுங்கி முழுங்கிச் சொல்றீங்க? கண்ணு இருக்கிறவன் போர்டைப் பாத்துப்பான். நான் என்ன பண்றது?"

உள்ளே நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"உக்காருங்க தம்பி. எப்படிச் சொன்னா உங்களுக்கு வசதியா இருக்கும்னு சொல்லுங்க, அப்படியே சொல்றேன்."

வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவனுக்கு நாற்காலி போட்டால் அவன் என்ன செய்வான்? உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அந்த நிலையத்தில் நடைமேடை எண்ணை இரண்டு முறை, நடுவில் மூச்சு விட்டு, சொல்கிறார்கள். தன் வீட்டுக்காரரிடம் என்னை அறிமுகம் செய்தபோது, "இவருதான் சண்டைக்கு வந்த தம்பி" என்றார். இப்போதும் அப்படித்தான் சொல்கிறார்.

அவரை அங்கே எல்லோருக்கும் மைக் அக்கா என்றுதான் தெரியும். பள்ளி இறுதி வரை படித்தவர். நிலையத்து அலுவலகத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கவும் காகிதங்களை மேசைக்கு மேசை எடுத்துப்போகவும் சேர்ந்தார். ஒரு நாள் பழைய அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நேரக் காப்பாளர் சுற்றிலும் பார்த்து, "யாராவது தைரியமாப் பேசறவங்க வாங்க" என்றாராம். அக்கா தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த ஒரு நாள் இருபத்திரண்டு வருடமாக நீண்டுவிட்டது. அவருடைய வீட்டுக்காரர் பணிமனையில் மெக்கானிக். "அங்கயாவது மைக்குக்கு ஒரு பட்டன் இருக்கு, அமுத்தினா நின்னுடும். வீட்டுல எங்க தேடியும் கிடைக்கல" என்பார். அக்கா சிரித்துவிட்டு, கண்டக்டருக்குக் கேட்கும் குரலில் அவரைக் கூப்பிடுவார்.

அறை என்றால் ஆறடிக்கு ஐந்தடி. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கடகடக்கும் மின்விசிறி. பஸ் பின்னால் வரும்போதெல்லாம் கண்ணாடி அதிரும். மூச்சுக் காற்று இரையாமல் இருக்க மைக்கின் மேல் தன் மகனின் பழைய காலுறை ஒன்றை மாட்டிவைத்திருந்தார்.

அந்த அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கெட்ட செய்தியை மைக்கில் சொல்லக் கூடாது. வழியில் விபத்து என்றால், 'இன்ன ஊரிலிருந்து வரும் பேருந்துக்காகக் காத்திருப்பவர்கள் நேரக் காப்பாளர் அறைக்கு வரவும்' என்பதோடு சரி. பிள்ளை தொலைந்துவிட்டால் தொலைந்தது என்று சொல்ல மாட்டார்கள். 'உங்கள் குழந்தை உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்பார்கள். அக்காவுக்கு இதில் ஒரு பெருமையே உண்டு. "கெட்ட சேதியைக் காத்துல விடக் கூடாது தம்பி. பக்கத்துல உக்காந்து கையில குடுக்கணும்" என்பார். அது நல்ல வழக்கம்தான். அதில்தான் நான் விழுந்தேன்.

அப்போது எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. வரலாற்று ஆசிரியர் ஆக வேண்டும். பட்டம் இருந்தது, தேர்வு பாக்கி. வயது வரம்பின்படி அந்த ஆண்டுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. போன் தானே படித்துக்காட்டும் வசதியெல்லாம் அப்போது எங்கள் கைக்கு வரவில்லை. தேர்வுக்கு வைத்திருந்த தடித்த புத்தகம் பிரெயிலில் கிடையாது, ஒலிப்பதிவிலும் கிடையாது. என் மனைவிதான் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். அவள் கருவுற்று, உட்கார்ந்தால் தலைசுற்றல், எழுந்தால் வாந்தி என்றானதும் படிப்பு நின்றுபோனது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல என்பார்களே, அப்படி இருந்தது. எனக்குக் கண்ணைக் கட்டவே தேவையில்லை என்பது வேறு விஷயம்.

அக்காவிடம் புலம்பினேன். "ரெண்டு மணிலேர்ந்து மூணரை வரைக்கும் எனக்கு பஸ் கம்மி. புத்தகத்தை எடுத்துட்டு வாங்க" என்றார். என் வேலைநேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுதவும் அவரே வருவதாகச் சொன்னார்.

இப்படித்தான், வாழ்நாளில் பஸ் அட்டவணையைத் தவிர எதையும் சத்தமாகப் படித்திராத ஒருவர் எனக்கு உலக வரலாற்றைப் படித்துக்காட்டினார். அரசர்கள் கவிழ்வார்கள், நடுவில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒரு பஸ் கிளம்பும், மறுபடி அரசர்கள் வருவார்கள். அப்படியே ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அத்தியாயத்துக்கு வந்தோம். அறுபது பக்கம்.

யூதர்கள் என்ற பெயரையே அக்கா அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை.

"யாரு தம்பி இவங்க? என்ன தப்பு பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணலக்கா."

"ஒண்ணும் பண்ணாமலா இத்தனை சட்டம் போடுவாங்க? இருங்க, அடுத்த பக்கத்துல வரும்."

அடுத்த பக்கத்தில் வரவில்லை. அதற்கடுத்த பக்கத்திலும் வரவில்லை. அரசு வேலையிலிருந்து யூதர்களை நீக்கினார்கள். குடியுரிமையைப் பறித்தார்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். வானொலிப் பெட்டியைப் பிடுங்கினார்கள். சைக்கிளைப் பிடுங்கினார்கள். வீட்டில் பூனை, நாய் வளர்க்கக் கூடாது என்றார்கள். அக்கா ஒவ்வொன்றாகப் படித்து, பூனையில் வந்து நின்றுவிட்டார்.

"பூனையக் கூடவா?"

"படிங்கக்கா, நேரமாகுது" என்றேன். எனக்கு வேண்டியது ஆண்டுகளும் சட்டங்களின் பெயர்களும் மட்டுமே. கொல்லப்பட்டவர்கள் அறுபது லட்சம் என்பது எனக்கு ஏற்கெனவே மனப்பாடம். கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அப்படித்தான் தெரிந்துவைத்திருந்தேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு பிற்பகல் அக்கா ஒரு பஸ்ஸை அறிவித்துவிட்டு, மைக்கை அணைக்க மறந்து புத்தகத்தைத் தொடர்ந்தார். "யூதர்கள் பொது இருக்கைகளில் உட்காரக் கூடாது. சில ஊர்களில் அவர்களுக்கென்று மஞ்சள் வண்ணம் பூசிய தனி இருக்கைகள் போடப்பட்டன" என்று அந்த அருமையான குரல் பதினெட்டு நடைமேடைக்கும் போய்ச் சேர்ந்தது. நேரக் காப்பாளர் தலைதெறிக்க ஓடிவந்து பட்டனை அமுக்கினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சற்று நேரத்தில் கூட்டிப் பெருக்கும் அம்மா படியேறி வந்தார். "அக்கா, உக்காரக் கூடாதுன்னு ஏதோ சொன்னீங்களே. மூணாவது நடைமேடைல நாலஞ்சு பேரு எழுந்து நிக்கறாங்க. இப்ப உக்காரலாமான்னு கேக்கச் சொன்னாங்க."

என் சிரிப்பு நின்றது.

"யாருக்குன்னு கேக்கல. எதுக்குன்னு கேக்கல. மைக்ல வந்துச்சு, எழுந்துட்டாங்க" என்றார் அக்கா. "அந்த ஊர்லயும் யாரோ ஒருத்தர் என்னை மாதிரி சம்பளத்துக்குப் படிச்சிருப்பாங்கல்ல தம்பி?"

அதற்கு மெமோ வந்தது. மெமோவைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. எழுந்து நின்ற அந்த நாலைந்து பேரைப் பற்றித்தான் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு ரயில்கள் வந்தன. யூதர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து முகாம்களுக்கு ஏற்றிச்சென்ற ரயில்கள். அக்கா தொழில் தெரிந்தவர் அல்லவா? ரயிலுக்கு நேரம் குறித்தது யார், பெட்டி எத்தனை என்று எண்ணியது யார், இத்தனை மணிக்குக் கிளம்பும் என்று குரல் கொடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். புத்தகத்தில் அவர்களின் பெயர் இல்லை. மறுநாள் நான் உட்காரும் முன்பே சொன்னார்:

"நேத்து ஒரு கணக்குப் போட்டேன் தம்பி. நம்ம ஸ்டாண்டுல ஒரு நாளைக்கு நாப்பதாயிரம் பேரு ஏறி இறங்கறாங்கன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. அறுபது லட்சம்னா நூத்தம்பது நாள். அஞ்சு மாசம். நான் கூப்பிடற ஒவ்வொரு பஸ்லயும் போற ஒவ்வொரு ஆளும். கைக்குழந்தையோட."

கேட்டுவிட்டு நான், "இன்னிக்கு இருபது பக்கமாவது முடிக்கணும்க்கா" என்றுதான் சொன்னேன். பாடத்தை முடிக்கிற வெறி எனக்கு.

அந்த நாட்களில் வீட்டில் வேறொரு தொல்லை. என் பெரியப்பாவும் பிறவியில் பார்வையில்லாதவர். அதனால் மனைவிக்கு ஏழாம் மாதம் ஆனதும், உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல், "பொறக்கப்போறதுக்காவது கண்ணு தெரியுமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு சின்னம்மா, "தெரிஞ்சே எதுக்கு ஒரு உசிரைக் கஷ்டத்துக்குக் கொண்டாரணும்?" என்று என் மனைவியின் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். நான் அறிவிப்பு அறையில் வந்து அதைச் சொல்லிக் கத்தினேன். வழக்கமாக ஏதாவது சொல்லித் தேற்றும் அக்கா அன்று ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அதுகூட உறைக்கவில்லை.

அதன் பிறகு படிப்பு வேகமாக நகர்ந்தது. சில இடங்களில் இரண்டு மூன்று தாள் சேர்ந்து புரளும் ஓசை கேட்கும். "என்னக்கா?" என்றால், "தாள் ஒட்டிக்கிச்சு தம்பி" என்பார். எனக்குக் காது நன்றாகவே வேலை செய்யும். ஒரு தாள் புரள்வதற்கும் மூன்று தாள் புரள்வதற்கும் வித்தியாசம் தெரியாதவன் அல்ல நான். பாடம் சீக்கிரம் முடிகிறதே என்ற சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

தேர்வு நாள் வந்தது. எனக்குத் தனி அறை. மேற்பார்வையாளர், நான், அக்கா, மூன்றே பேர். தன்னிச்சையாக எதுவும் எழுத மாட்டேன், எதுவும் சொல்லித்தர மாட்டேன் என்று அக்கா உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார். நான்கு கேள்விகளைத் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லி முடித்தேன். ஐந்தாவதைப் படிக்க ஆரம்பித்த அக்காவின் குரல் பாதியில் தடுக்கியது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பஸ்ஸுக்கும் தடுக்காத குரல்.

"யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வதற்கு முன், அந்த ஆட்சி தன் சொந்த நாட்டு மருத்துவமனைகளிலும் காப்பகங்களிலும் யாரைக் கொன்றது? அந்த முறைகளும் ஆட்களும் பின்னர் யூதர்களின் படுகொலைக்கு எவ்வாறு பயன்பட்டன? இருபது மதிப்பெண்."

மருத்துவமனையிலா? நான் வேலை பார்ப்பதே மருத்துவமனையில். அப்படி எதுவும் நான் கேட்ட பாடத்தில் இல்லை. "திரும்பப் படிங்க" என்றேன். திரும்பப் படித்தார். மேற்பார்வையாளர் வாசலில் யாருடனோ பேசப் போயிருந்தார். அவர் செருப்புச் சத்தம் திரும்பிவர ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடமும் அக்காவின் மூச்சு என் காதருகே கேட்டது. ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை. கடைசியில் நான் குத்துமதிப்பாக, "யூத நோயாளிகளை" என்று ஆரம்பித்து எதையோ சொன்னேன். அக்கா அதை அப்படியே எழுதினார். எழுதும்போது தாளில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழும் ஓசை கேட்டது. வியர்வை என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும், வராந்தாவிலேயே, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பதில் புத்தகத்துல இருக்கு தம்பி. நான்தான் படிக்காம விட்டேன்."

எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உள்ள ஏன் சொல்லல?" என்பதுதான். பாருங்கள், அப்போதும் மார்க்குதான்.

"கையெழுத்துப் போட்டுட்டு எப்படிச் சொல்லுவேன்? அது மட்டும் இல்ல. அங்க கொன்னது உடம்பு முடியாதவங்கள, மனசு சரியில்லாதவங்கள. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வேற ஒரு சட்டம். நான் சொல்லியிருந்தா, உங்களுக்கு அதைக் கேட்டு நெஞ்சு அடைக்கக்கூட நேரம் இருந்திருக்காது. உடனே, எழுதுங்கன்னு சொல்லியிருக்கணும். உங்க சாவை உங்க வாயாலயே அவசர அவசரமாச் சொல்ல வச்சு நான் எழுதவா தம்பி?"

"நான் எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு?" என்று கத்தினேன். "கண்ணு இல்லாதவன்தானே, ஏமாத்திடலாம்னு நினைச்சீங்க." அது அநியாயமான பேச்சு என்று பேசும்போதே தெரிந்தது. பேசிவிட்டேன். கையை உதறிக்கொண்டு தனியாகவே சாலையைக் கடந்து போனேன்.

பத்தொன்பது நாள் அந்தப் படிகளில் ஏறவில்லை. என் பஸ் வரும். நடைமேடை எண்ணை அந்தக் குரல் இரண்டு முறை சொல்லும். ஏறிப் போய்விடுவேன்.

இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். அக்கா புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"விட்டதைப் படிக்க வந்தேன். பதினொரு பக்கம்."

"தேர்வுதான் முடிஞ்சுபோச்சே. இனிமே எதுக்கு?" என்றேன் முகத்தில் அடித்தாற்போல.

"தேர்வுக்கு இல்ல தம்பி."

உட்கார்ந்தார். தாண்டிய பக்கங்களிலெல்லாம் பஸ் டிக்கெட்டைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார். மனைவியிடம், "நீ உள்ள போய்ப் படுத்துக்கோயேன்மா" என்றார். அவள், "எனக்கும் தெரியணும்க்கா" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதலில், பரம்பரைப் பார்வையின்மையும் காது கேளாமையும் உள்ளவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சொன்ன சட்டம். பிறகு மருத்துவமனைகள். நோயாளியை நேரில் பார்க்காமலேயே, படிவத்தில் சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்ட மருத்துவர்கள். குறி விழுந்தவர்களை ஏற்றிப்போக வந்த பஸ்கள். அக்கா அங்கே நிறுத்தி, "பஸ்தான் தம்பி. சாம்பல் கலர் பஸ். கண்ணாடியில உள்ள தெரியாம பெயின்ட் அடிச்சது" என்று தனியாக ஒருமுறை சொன்னார். நச்சுவாயு அறைகள். முதல் இரண்டு வருடத்துக்குள் எழுபதாயிரம் பேர். பிறகு வீட்டுக்குப் போன கடிதங்கள். உங்கள் மகன் காய்ச்சலில் இறந்துவிட்டார், வலியின்றி அமைதியாக உயிர் பிரிந்தது, ஆழ்ந்த வருத்தங்கள்.

அந்தக் கடிதத்தை அக்கா இரண்டு முறை படித்தார்.

"எவ்வளவு கனிவா எழுதியிருக்காங்க பாருங்க. கெட்டதை மறைச்சு. நானும் அதைத்தானே உங்களுக்குப் பண்ணேன்."

"இல்லக்கா" என்று சொல்லப் போனேன். மனைவி என் கையை அழுத்தினாள். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டேன்.

அதே நச்சுவாயு முறை, அதே ஆட்கள். மருத்துவமனையில் பழகியவர்களைக் கொண்டுபோய் யூதர்களுக்கான முகாம்களில் வேலைக்கு வைத்தார்கள். எழுபதாயிரத்தில் பழகிய கை அறுபது லட்சத்துக்குப் போயிற்று. இருபது மதிப்பெண் பதில் அவ்வளவுதான்.

ஆனால் பதினொன்றில் நான்கு பக்கங்கள்தான் அது. மீதி ஏழும் யூதர்களைப் பற்றியவை. ஊருக்கு வெளியே குழி வெட்டச் சொல்லி, வரிசையாக நிற்கவைத்துச் சுட்ட கிராமங்கள். பெற்றோரை முதலில் ரயிலேற்றி அனுப்பிவிட்டு, சில வாரம் கழித்துத் தனியே அனுப்பப்பட்ட பிள்ளைகள். அதில் சில குழந்தைகளுக்குத் தங்கள் பெயரையே சொல்லத் தெரியவில்லை என்று புத்தகத்தில் இருந்தது. தொலைந்த பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் மைக்கில் தாய்மாரைக் கூப்பிட்டவருக்கு இதை எப்படிச் சத்தமாகப் படிக்க வரும்? எனக்காக மட்டும் அவர் பக்கங்களைத் தாண்டவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டும் என்றால் அதை முதலில் தான் படித்திருக்க வேண்டும். அந்த ஆறடி அறையில், நான் வருவதற்கு முன், தனியாக, மனதுக்குள் படித்திருக்கிறார். படித்துவிட்டு, மைக்கைப் போட்டு அடுத்த பஸ்ஸை அறிவித்திருக்கிறார். நான் கேட்காமல் தப்பித்த ஒவ்வொன்றையும் அவர் ஒருவராகச் சுமந்திருக்கிறார். நான் என்னவென்றால், ஏமாற்றிவிட்டீர்கள் என்று வராந்தாவில் கத்தியிருக்கிறேன்.

அன்று அழுதேன். மார்க்குக்காக இல்லை. அதுவரை அந்த அத்தியாயத்தை வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ, எங்கேயோ, அறுபது லட்சம். அந்தச் சாம்பல் நிற பஸ் என் மருத்துவமனை வாசலுக்கும் வந்திருக்கும் என்று தெரிந்த பிறகுதான், சரக்குப் பெட்டியில் ஏறியவர்களும் என்னைப்போல் வீடும் வேலையும் கோபமும் உள்ளவர்கள் என்று உறைத்தது. தன்னைச் சுட்டால்தான் நெருப்பு என்று தெரிந்துகொள்ளும் ஜாதி நான். அக்காவுக்குப் பூனையிலேயே புரிந்திருந்தது.

மூன்றாவது வாரம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குப் பார்வை உண்டா என்று இதைப் படிக்கிறவர்களும் மனதுக்குள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். அவள் வந்தாள், அது போதும்.

தேர்வில் நான்கு மதிப்பெண்ணில் தோற்றேன். அக்கா தன் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போய், "தப்பு என்னோடது, அவருக்கு இன்னொரு வாய்ப்புக் குடுங்க" என்று மன்றாடினார். அங்கிருந்தவர் மரியாதையாகவே, "அதுக்கு விதி இல்லம்மா" என்றாராம். போய்விட்டு வந்ததை எனக்குச் சொல்லவே இல்லை. மெக்கானிக் அண்ணன்தான் பிறகு சொன்னார். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் ஏதாவது பள்ளிக்கூட மணி அடித்தால் கொஞ்சம் வலிக்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிட்டு அந்த வேலையை வாங்கிக்கொள் என்று யாராவது சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது, பார்வையற்றோருக்கான நூலகம் ஒன்று புத்தகங்களைப் படித்துப் பதிவுசெய்து தருபவர்களைத் தேடியது. செய்தி கேட்டதும் அக்கா வந்து நின்றார்.

"அந்தப் பாடத்தை நான் படிக்கிறேன் தம்பி. ஒரு பக்கம் விடாம."

அறிவிப்பு அறையில் பஸ் இரைச்சல். அதனால் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் பதிவு செய்தார். கடைசியில், சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று என் தொலைபேசி எண்ணையும் சேர்த்தார். இன்றைக்கும் எங்கெங்கிருந்தோ பார்வையில்லாத மாணவர்கள் கூப்பிடுகிறார்கள். மருத்துவமனை போனைப் பகலில் எடுக்கிறேன், இவர்களுடையதை மாலையில் எடுக்கிறேன். ஆண்டுகளைக் கேட்பார்கள். சொல்லுவேன். சொல்லிவிட்டு, நூற்றைம்பது நாள் கணக்கையும் சொல்லுவேன். வாத்தியார் வேலைதான் கிடைக்கவில்லை. சார் என்று கூப்பிட ஆள் கிடைத்துவிட்டார்கள். அதற்கும் அக்காவுக்குத்தான் நன்றி.

பதிவு தொடங்கிய இரண்டாவது ஞாயிறு அந்தக் கருத்தடைச் சட்டத்தின் பக்கம் வந்தது. அக்கா இந்த முறை எங்கும் தடுக்காமல், நடைமேடை எண்ணைச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தித் தெளிவாகப் படித்துக்கொண்டிருந்தார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. பதிவுக் கருவியின் பக்கத்திலேயே வந்து நின்றிருக்கிறாள்.

அக்கா கருவியை அணைத்தார்.

"பாப்பா குரல் விழுந்துடுச்சு தம்பி. அந்தப் பக்கத்தை மறுபடி முதல்லேர்ந்து படிச்சுடவா?"

"எந்த இடத்துல விழுந்திருக்குன்னு போடுங்கக்கா, கேப்போம்."

பின்னால் தள்ளி ஓடவிட்டார். பரம்பரையாகப் பார்வையில்லாதவர்கள் பிள்ளை பெறாதபடி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது என்று அக்காவின் குரல் படித்தது. உடனே பக்கத்தில், தூக்கம் கலையாத குரலில், "அப்பா, தண்ணி" என்று கேட்டது.

அக்கா இன்னொரு முறை ஓடவிட்டார்.

"அப்படியே இருக்கட்டும்க்கா" என்றேன்.

எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அக்கா அடுத்த வரியிலிருந்து படித்தார்.